இரும்பு நன்றாக இருக்கிறது, மூளைதான் போய்விட்டது

பல வருடங்கள் மூடிக் கிடந்த ஒரு பட்டறையிலிருந்து எடை போட்டு வாங்கிய சி.என்.சி. மில்லிங் மெஷின் அது, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தை வெட்டும் மெஷின். கோவையில் எங்கள் வீட்டுப் பின்புற ஷெட்டில் கிரேன் வைத்து இறக்கினோம். திரை எரியவில்லை. கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் தூசியும் வீங்கிய கெப்பாசிட்டர்களும். ஆனால் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவைக் கையால் சுற்றியபோது டேபிள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இதைக் காப்பாற்றிவிடலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த மெஷின்களில் முதலில் சாவது பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ்தான். பழைய கண்ட்ரோல்கள் பலவற்றில், மெஷினுக்கு உரிய அளவுகள் எல்லாம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கும். மெஷின் நெடுநாள் நின்று பேட்டரி தீர்ந்தால் அத்தனையும் அழிந்துபோகும். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவமும் காய்ந்துவிடும். உடம்பு அப்படி இல்லை. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாகப் பரவியிருப்பதால், வெட்டும்போது எழும் அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும். ஸ்லைடுகளின் மேல் கையால் சுரண்டிய தடங்கள் இன்னும் தெரிகின்றன. நீல மை தடவி, சமதளத் தகட்டோடு உரசி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்து, ஒரு தொழிலாளி மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் மட்டம் கொண்டுவந்திருக்கிறார். மிஞ்சும் சிறு பள்ளங்களில் ஆயில் தங்கும். இந்த வேலையை இன்று காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் ஆள் கிடைப்பதே கஷ்டம்.

பழைய உடம்புக்குப் புது மூளை பொருத்துவது புதிய யோசனையும் அல்ல. ஹெலிகாப்டர் இறக்கை தயாரித்துக்கொண்டிருந்த அமெரிக்கர் ஜான் பார்சன்ஸுக்கு 1949-ல் அந்நாட்டு விமானப்படை ஓர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்த வேலை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) ஆய்வகத்துக்குப் போய், 1952-ல் முதல் எண் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷின் ஓடிக் காட்டப்பட்டது. அதுவும் ஏற்கெனவே இருந்த ஒரு சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மெஷின்தான். அதனுடன் வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அலமாரியையும் துளையிட்ட காகித நாடாவையும் சேர்த்தார்கள்.

சரி, மூளையை மாற்றும் முன் ஒன்றை அளந்தாக வேண்டும்: பட்டறையில் 'ப்ளே' என்று சொல்லும் பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் இடையே உள்ள தளர்வு. டேபிளில் டயல் கேஜை (நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து, ஸ்க்ரூவை ஒரு பக்கம் சுற்றிப் பிறகு மெல்ல எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஸ்க்ரூ திரும்பிக்கொண்டிருக்கும், முள் அசையாது. என் மெஷினின் எக்ஸ் அச்சில் ஐந்து டிவிஷன் வந்தது, அதாவது 0.05 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கிறது. 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டினால் அதன் உருவம் தெரியும். வட்டத்தின் இடது, வலது ஓரங்களில் எக்ஸ் அச்சு திசை மாறுகிறது. ப்ளே தீரும் வரை டேபிள் எக்ஸ் திசையில் நகராது, ஒய் மட்டும் ஓடும். கணக்குப் போட்டால், வளைய வேண்டிய இடத்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்துக்கு நேர்கோடு. நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிறது.

பால் ஸ்க்ரூவில் நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டு, சுற்றுப்பாதை வழியாகத் திரும்பவும் வந்து சேரும். தேய்ந்தவற்றை எடுத்துவிட்டுச் சில மைக்ரான் பெரிய குண்டுகளைப் போட்டால் இறுக்கம் திரும்பிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: நட்டை அப்படியே கழற்றாதீர்கள், குண்டுகள் கொட்டிவிடும். ஸ்க்ரூவின் அடிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாயை அதன் முனையில் ஒட்டி வைத்து, நட்டை அந்தக் குழாய் மேல் ஏற்றுங்கள்.

அப்புறம்தான் மூளை. மோட்டாரின் பின்னால் இருந்து அதன் சுழற்சியை அளக்கும் என்கோடர், ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்புகள் அனுப்புகிறது. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு டேபிளை 5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஆக ஒரு துடிப்பு என்பது அரை மைக்ரான். டேபிள் இருக்க வேண்டிய இடத்தையும் இருக்கும் இடத்தையும் கண்ட்ரோலர் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ற விசையை மோட்டாருக்குக் கொடுக்கும். இது மட்டும் இருந்தால் டேபிள் ஊஞ்சல் மாதிரி நடுவைத் தாண்டிப் போய்த் திரும்பத் திரும்ப ஆடும். அதனால் வித்தியாசம் குறையும் வேகத்தைப் பார்த்து எதிர்விசை சேர்க்கிறோம், ஊஞ்சலில் காலைத் தரையில் உரசி நிறுத்துவது போல. மூன்றாவதாக, உராய்வால் டேபிள் இரண்டு மூன்று மைக்ரான் முன்பே நின்றுவிட்டால், அந்தக் குறையைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போய் மெல்லத் தள்ளும் விசை. இந்த மூன்றையும் சரியான விகிதத்தில் கலப்பதற்குத்தான் ட்யூனிங் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அதிலேயே போனது, சந்தோஷமாகப் போனது. என்கோடர் மோட்டாரில் இருப்பதால் அது ஸ்க்ரூவின் சுழற்சியை மட்டுமே அறியும், ப்ளே அதன் கண்ணில் படாது. இரும்பு வேலையை முதலில் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கை நான் போட வைத்திருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓடும் லினக்ஸ்சி.என்.சி. என்ற மென்பொருளை. இதன் மூலவடிவம் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் 1990-களில் எழுதப்பட்ட மென்பொருள். அரசின் படைப்பு என்பதால் பொதுவுடைமையாக வெளிவந்தது. கணக்கு நொடிக்கு 1,000 முறை நடக்கிறது. நிமிடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் வேகத்தில் டேபிள் ஒரு மில்லிசெகண்டில் 20 மைக்ரான் போகும். கம்ப்யூட்டர் வேறு வேலையில் 5 மில்லிசெகண்ட் அசந்துவிட்டால், புதுக் கட்டளை இல்லாமலே டேபிள் 0.1 மில்லிமீட்டர் ஓடியிருக்கும். இங்கே வேகமான கம்ப்யூட்டரை விட நேரம் தவறாத கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

முதல் முறை மின்சாரம் கொடுத்த அன்று, ஒய் அச்சின் என்கோடரில் இரண்டு சிக்னல் வயர்களை இடம் மாற்றி இணைத்திருந்தேன். விலகியதைச் சரிசெய்ய மோட்டார் தள்ளத் தள்ள, எண்ணிக்கை எதிர்த்திசையில் போனது; அது இன்னும் பலமாகத் தள்ளியது. டேபிள் சீறிக்கொண்டு ஓடியது. நல்லவேளை, விலகல் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்தும்படி முன்பே அமைத்திருந்தேன். எமர்ஜென்சி சுவிட்ச் மட்டும் மென்பொருளை நம்பி இருக்கவே கூடாது, அது நேரடியாக மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தான். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாருக்கு வேண்டியதோ மூன்று பேஸ். அதற்கு வி.எஃப்.டி. என்ற கருவி போதும்: 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து மூன்று பேஸ் செய்து தரும். ஆனால் அது தருவதும் 230 வோல்ட் அளவில்தான். அதனால் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை, குறைந்த வோல்ட்டில் ஓடும் டெல்டா இணைப்புக்கு மாற்ற முடிகிறதா என்று பெயர்ப்பலகையைப் பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் வி.எஃப்.டி.யின் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரால் அளந்த பிறகே கை வையுங்கள்.

குண்டுகள் மாற்றியபின் அதே வட்டத்தை மறுபடி வெட்டினேன். நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இப்போது மிச்சமிருப்பது வெயில். அரை மீட்டர் எஃகு ஸ்க்ரூ 10 டிகிரி சூடேறினால் 50 மைக்ரானுக்கு மேல் நீளும், நான் பாடுபட்டு ஒழித்த ப்ளே அளவுக்கு. அதனால் நுணுக்கமான ஜாப் இருக்கும் நாளில், அதிகாலையில் ஷெட்டைத் திறந்து, மெஷினை அரை மணி நேரம் வெறுமனே ஓடவிட்டுச் சூடு ஒரு நிலைக்கு வந்த பிறகே கட்டரை மாட்டுகிறேன்.