குடல் கேன்சருக்குக் கரண்டும் கீமோவும்: காப்பீட்டு அட்டையில் என்ன கிடைக்கும்?

எங்கள் பாலக்கோடு பக்கம் யாருக்காவது குடலில் கேன்சர் என்று தெரிந்தால் முதல் கேள்வி "கரண்ட் வைக்கணுமா?" என்பதுதான். அடுத்தது "அட்டையில முடியுமா?"

கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சை. பெருங்குடலில் கட்டி என்றால் பெரும்பாலும் ஆபரேஷன், தேவைப்பட்டால் பிறகு கீமோ, அதாவது கேன்சர் மருந்து. அந்தக் குடல் வயிற்றுக்குள் அசைந்துகொண்டே இருக்கும், சிறுகுடலும் ஒட்டினாற்போல் கிடக்கும். அதனால் அங்கே கரண்ட் வைப்பது அபூர்வம். மலக்குடல் அப்படியில்லை. இடுப்பெலும்புக்கு நடுவே ஒரே இடத்தில் நிற்பதால் குறிவைக்க முடியும். கட்டி கொஞ்சம் முற்றியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சோடு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையும் தருவார்கள். கதிர் கட்டியில் நன்றாக வேலை செய்வதற்கு மாத்திரை துணை. வாரம் 5 நாள் வீதம் 25 முதல் 28 தடவை. சிலருக்கு 5 நாளில் முடித்துவிட்டு, அப்புறம் கீமோ தொடங்குவார்கள்.

இனி அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் அரசே கட்டுகிறது. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். நோய் வந்தபின் அலையாமல், இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

பலர் தடுமாறும் இடம் வேறு. அட்டையைக் காட்டியவுடன் சிகிச்சை ஆரம்பித்துவிடாது; பயாப்ஸி (சதைப் பரிசோதனை), ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரி ஆன்லைனில் ஏற்றி முன் அனுமதி வாங்க வேண்டும். கதிர்வீச்சுக்கு ஒரு பேக்கேஜ், கீமோவுக்கு வேறு பேக்கேஜ். "ரெண்டுக்கும் அப்ரூவல் வந்துவிட்டதா?" என்று காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். என் பெரியப்பாவுக்குக் கதிருக்கு மட்டும் வந்திருந்தது. முதல் வார மாத்திரையை வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். அனுமதி வந்த சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

பெரியப்பா கதிர்வீச்சு மேஜையில் படுத்திருந்தது தினமும் பத்து நிமிடம். சேலம் போய்வரத்தான் ஒரு பகல் போனது. கதிருக்குக் குறிவைக்க அடிவயிற்றில் மார்க்கரால் போட்ட கோடு அழியக்கூடாதென்று பெரியம்மா அவர் குளிக்கும்போதெல்லாம் வாசலிலிருந்தே, "சோப்பு போடாதீங்க" என்று குரல் கொடுப்பார். மாத்திரை காலையும் இரவும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். உள்ளங்கை சிவந்து எரிந்தாலோ பேதி நிற்காவிட்டாலோ டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

போக்குவரத்துக்கு ரயில்வே சலுகை உண்டு. ஆஸ்பத்திரி கையெழுத்திட்ட படிவத்தைக் கவுண்டரில் கொடுத்தால் இரண்டாம் வகுப்பில் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் 75 சதவீதம் குறையும். ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. தர்மபுரி, பாலக்கோடு, ஓசூர்க்காரர்களுக்கு இது உதவும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே இல்லையே, அவர்கள் பஸ்தான்.

ஓசூர் பக்கத்தார் கிட்டத்தில் இருக்கிறதென்று நேரே பெங்களூரு போய்விடுவார்கள். போகும் முன், அந்த ஆஸ்பத்திரியில் நம் அட்டை செல்லுமா என்று மேலே சொன்ன 1800 எண்ணில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.