புளூபிரிண்டை லேமினேட் செய்யாதீர்கள், புண்ணியமாகப் போகும்

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒருவர் கட்டைப்பை நிறைய வரைபடங்களோடு வந்தார். அவருடைய தாத்தா ஆர்க்கிடெக்ட், ஊரில் பல வீடுகளுக்குப் பிளான் போட்டவர். பரணில் கிடந்த புளூபிரிண்டுகளை, அதாவது நீலத் தாளில் வெள்ளைக் கோடாக விழுந்த பழைய வரைபட நகல்களை, உப்புக்காற்று தின்றுவிடும் என்று பயந்து மொத்தத்தையும் லேமினேட் செய்துவிட்டார். அதுவும் பெரிய தாள் மெஷினுக்குள் போகாது என்று கடைக்காரர் சொன்னதால், ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி! இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது. ஆசையாகச் செய்தவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

"பிளாஸ்டிக் போட்டா ஈரம் உள்ளே போகாதே?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஈரம் ஏற்கெனவே தாளுக்குள் இருக்கிறதய்யா. நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே காயாது, பரணில் கிடந்த தாள் மட்டும் காய்ந்தா இருக்கும்? அந்த ஈரத்தையும் தாளிலேயே ஊறும் அமிலத்தையும் சேர்த்துப் பூட்டி வைக்கிறீர்கள். சூட்டில் உருகிய பசை நாருக்குள் இறங்கிவிடும், அப்புறம் பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் கூடவே வரும். ரேஷன் கார்டு போனால் வேறு வாங்கலாம், இதற்கு எங்கே போவது? வெளிச்சத்தில் வெளுத்த புளூபிரிண்டை இருட்டில் வைத்தால் நீலம் ஓரளவு திரும்பும் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கும் காற்றுப் பட வேண்டும்.

இன்னொன்று, அந்த நீலத்துக்குக் காரம் ஆகாது, மிளகாய்க் காரமில்லை, அமிலத்துக்கு எதிரான சுண்ணாம்புக் காரம். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்களே, நீங்களும்தான்: கால்சியம் கார்பனேட் சேர்த்த காப்புத் தாளில் புளூபிரிண்டைச் சுற்றாதீர்கள், அதுவும் காரம்தான். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் தாள் போதும்.

அம்மோனியா ஆவியில் எடுத்த நகல்களான அம்மோனியா பிரிண்டுகளைத் தனியாக வையுங்கள், பக்கத்துத் தாளைக் கறையாக்கிவிடும். மெல்லிய துணியில் வரைந்த படமான துணி டிரேசிங்கை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, அதில் இருப்பது கஞ்சிப்பசை. செல்லோடேப் வேண்டாம். மடிக்காமல் தட்டையாக வையுங்கள், இடமில்லையென்றால் பருமனான குழாயின் மேல் சுற்றிப் பருத்தித்துணி போர்த்துங்கள், உள்ளே திணிக்காதீர்கள். மழையில் நனைந்தால் வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். எதற்கும் முதலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

அவருடைய பையில் ஒரே ஒரு தாள் முழுசாக இருந்தது, கடையில் விட்டுப்போனதாம். அந்தக் காலத்தில் வாஷிங் சோடா கரைசலைத் தொட்டுப் புளூபிரிண்டில் வெள்ளைக் கோடு போட்டுத் திருத்துவார்கள், காரம் பட்டால் நீலம் போய்விடுமே. தாத்தா அப்படித்தான், கிணற்றைச் சமையற்கட்டிலிருந்து இரண்டடி தள்ளி வரைந்திருந்தார்.