துலிப்பு: ஒரு பூப்பெயரின் பொருளும் வழியும்

துலிப்பு என்பது, வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைத்து, வசந்த காலத்தில் தண்டின் நுனியில் பெரும்பாலும் ஒரே பூவைத் தாங்கி நிற்கும் செடியையும், அந்தப் பூவையும் ஒருசேரக் குறிக்கும் சொல். தியான்ஷான், பாமிர் மலைத்தொடர்களைச் சூழ்ந்த நடு ஆசியப் பகுதிதான் இச்செடி பல்கிப் பெருகிய நிலம். கிழங்கு பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பூ நன்றாக எழும். ஆதலால் வெப்பம் மிகுந்த தமிழ்ச் சமவெளிகளில் இது இயல்பாக வளர்வதில்லை, இதற்குப் பழந்தமிழ்ப் பெயரும் இல்லை.

சொல்லின் வேர் துணியில் இருக்கிறது. தலைப்பாகையைக் குறிக்கும் 'துல்பந்த்' என்னும் பாரசீகச் சொல், துருக்கியில் மெல்லிய மஸ்லின் துணிக்கும் பெயராயிற்று. அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் ஒரு கிளையாகத் தலைப்பாகையின் பெயராகவும், மற்றொரு கிளையாகப் பூவின் பெயராகவும் பிரிந்தது. துருக்கியின் உஸ்மானியச் சுல்தான் சுலைமானின் அவைக்கு ஐரோப்பாவிலிருந்து தூதராகச் சென்ற புஸ்பெக், 1581-இல் அச்சான தம் பயணக் கடிதத்தில், துருக்கியர் இப்பூவைத் 'துலிபான்' என்று அழைப்பதாக எழுதினார். ஆனால் துருக்கியர் இதை அழைத்த பெயர் 'லாலே'. பூவின் வடிவைத் தலைப்பாகைக்கு ஒப்பிட்டோ, தலைப்பாகையில் செருகிய பூவைச் சுட்டியோ யாரோ சொன்ன சொல்லை அவர் பூவின் பெயராகவே கொண்டுவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

லாலே என்னும் பெயருக்குத் துருக்கியக் கைவினையில் தனி மதிப்பு உண்டு. அரபு எழுத்தில் அப்பெயரை எழுதும் எழுத்துகளே இறைவனின் பெயரிலும் வருவதால், மசூதிச் சுவர்களில் இப்பூவைத் தீட்டுவது வழிபாட்டுணர்வோடு இயைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் சினான் இஸ்தான்புல்லில் கட்டிய ருஸ்தம் பாஷா மசூதியின் சுவர்களில் பதித்த, இஸ்னிக் ஊரின் வண்ண ஓடுகளில் வகைவகையான துலிப்புகள் இருக்கின்றன. அவ்வழகை வேறெங்கும் எளிதில் காண இயலாது. துருக்கியர் விரும்பியது ஒடுங்கிய உடலும் கத்திமுனைபோல் கூர்ந்த இதழும் கொண்ட வடிவம். நூலிலும் துணியிலும் இன்று நாம் கையால் செய்யும் துலிப்புகள் பெரும்பாலும் உருண்டு திரண்டிருப்பது, பிற்காலத்தில் ஹாலந்தில் பரவிய தோட்ட வகைகளைப் பார்த்துச் செய்வதால்தான். கூரிய இதழ் கொண்ட பழைய வடிவத்தையும் நம் கைகள் பழக வேண்டும் என்பது என் விருப்பம். எப்ரு என்னும் துருக்கிய நீரோவியத்தில், பிசின் கலந்த நீர்மேல் நிறத்துளிகளை இட்டு, ஊசியால் இழுத்துத் தண்டும் இதழும் ஆக்கி, அதன்மேல் தாளைப் படியவைத்து எடுப்பார்கள். அந்தக் கலையிலும் துலிப்பே முதன்மையான பூ.

பயணம் செல்வோர் இப்பெயரை இன்று இரண்டு இடங்களோடு சேர்த்தே சொல்கிறார்கள். ஒன்று நெதர்லாந்தில் லிஸ்ஸே ஊரின் கூக்கன்ஹோஃப் தோட்டம்; மற்றொன்று ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே, ஜபர்வான் மலையடியில் 2007-இல் திறக்கப்பட்ட தோட்டம். ஆனால் காஷ்மீருக்கு இப்பூ புதிதன்று. அங்குள்ள வீடுகளின் மண் கூரைகளில் இதன் கிழங்குகளை நட்டு, வசந்தத்தில் பூக்கவிடும் வழக்கத்தை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதியிருக்கிறார்.

இனித் தமிழ்ப் பெயர். 'டூலிப்' என்று எழுதுவது ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றுவது. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. மூலச் சொல்லின் முதலொலியும் நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலியே ஆதலால், 'து' என்று தொடங்குவது தமிழுக்கும் பொருந்தும், மூலத்துக்கும் நெருங்கும். வல்லின மெய்யில் சொல் முடிவதை நன்னூல் ஏற்பதில்லை என்பதால், சோப்பு என்பதுபோல் ஈற்றில் உகரம் சேர்த்துத் 'துலிப்பு' என எழுதுவதே முறை. துலிப்புகள், துலிப்புத் தோட்டம் என்று அது இயல்பாகப் புணரும். 'தலைப்பாகைப் பூ' என்று மொழிபெயர்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அது பொருள் மாறி வந்த பெயரை மீண்டும் ஒருமுறை நிலைநாட்டுவதாகும். 'அல்லி' என்று பெயரிட்டாலோ, நீரில் பூப்பதே நம் நினைவுக்கு வரும். லாலே என்பதையே ஏற்பது மிகவும் நேர்மையான வழியாக இருந்திருக்கும். ஆனால் துலிப் என்பது வழக்கில் ஊன்றிவிட்ட பிறகு அதை மாற்றுவது குழப்பமே தரும்.

ஒரு மயக்கத்தையும் விலக்க வேண்டும். ஆங்கில நூல்கள் 'இந்தியத் துலிப் மரம்' என்று குறிப்பது நம் பூவரசு. துலிப்போடு அதற்கு எந்த உறவும் இல்லை. அது பருத்தியும் செம்பருத்தியும் சேர்ந்த குடும்பத்து மரம். அம்மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'போர்ஷியா' என்னும் பெயர், பூவரசு என்னும் தமிழ்ச் சொல்லை அவர்கள் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டதே. ஆகவே மொழிபெயர்ப்போர் இந்தியத் துலிப் மரம் என்று காணும் இடத்தில் பூவரசு என்றே எழுத வேண்டும். துலிப்பு என்னும் சொல்லைக் கிழங்கிலிருந்து எழும் அந்தக் குளிர்நிலப் பூவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.