பதில் சொல்லாமல் போன வாடிக்கையாளரைத் தொடர்வது எப்படி? காப்பீட்டு முகவர்களுக்குச் சில குறிப்புகள்

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றவர் அதன்பின் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. இந்த இடத்தில் சில முகவர்கள் "ஆர்வமில்லை போல" என்று அந்த எண்ணையே மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் "சார், முடிவு பண்ணிட்டீங்களா?" என்று தினமும் கேட்டு, அவர் பிளாக் செய்யும் வரை விடுவதில்லை. அவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று இரு சாராருமே யோசிப்பதில்லை.

காப்பீட்டில் இந்த மௌனத்துக்குக் காரணங்கள் அதிகமில்லை. பிரீமியம் நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். வேறொருவரிடம் பாலிசி எடுத்துவிட்டு, அதை உங்களிடம் சொல்லச் சங்கடப்படுவார். படிவத்தையும் ஆவணப் பட்டியலையும் பார்த்து மலைத்திருக்கவும் கூடும். இந்த ஐந்து பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினால் அது யாருக்கும் பொருந்தாது.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்க உங்கள் குறிப்பேடுதான் உதவும். பெயர், தேதி, கேட்ட பாலிசி ஆகியவற்றோடு, அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அவர் சொற்களிலேயே எழுதி வையுங்கள். "யோசிக்கிறார்" என்ற குறிப்பால் பயனில்லை. "வருஷத்துக்கு இவ்வளவா?" என்று கேட்டிருந்தால் சிக்கல் பணத்தில் இருக்கிறது. "டெஸ்ட் கட்டாயமா?" என்று கேட்டிருந்தால் உடல்நிலை பற்றிய தயக்கமாக இருக்கலாம்.

பல மௌனங்கள் முதல் சந்திப்பிலேயே தொடங்கிவிடுகின்றன. "நீங்களே சொல்லுங்க, காத்திருக்கேன்" என்று விடைபெற்றால் அடுத்த அடி யாருடையது என்றே தெரியாமல் போகும். "வியாழக்கிழமை மாலை 6 மணிக்குக் கூப்பிடட்டுமா? ரெண்டு பேரும் வீட்டில் இருப்பீங்களா?" என்று கேட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள். அன்றிரவே ஐந்து வரியில் ஒரு சுருக்கம் அனுப்புங்கள்: காப்பீட்டுத் தொகை, எத்தனை ஆண்டு, பிரீமியம், கிளைம் கிடைக்காத முக்கியமான சூழல் ஒன்று, அடுத்துப் பேசும் நேரம். வீட்டில் உள்ளவரிடம் அவர் காட்டப்போவது இதைத்தான். நாற்பது பக்க பிடிஎஃப்பை யாரும் திறந்து காட்டமாட்டார்கள்.

அதன்பிறகும் பதில் இல்லையென்றால் 2, 5, 12, 25ஆம் நாள்களில் தொடர்புகொள்வது போதுமானது. ஒருமுறை அழைத்தால் அடுத்தமுறை செய்தி அனுப்புங்கள். காலையில் எடுக்காதவரை மறுபடியும் காலையில் அழைக்காமல் மாலையில் அழைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பயன்படும் புதுத் தகவல் ஒன்று இருக்க வேண்டும். சொல்லப் புதிதாக எதுவும் இல்லாத நாளில் அழைக்காமல் இருப்பதே நல்லது.

பணம்தான் தடை என்றால், செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம் சார். அன்றைக்குச் சொன்ன பிரீமியம் கூடுதலாகத் தோன்றியிருந்தால் வேறு இரண்டு வழி இருக்கிறது. 1. ரைடர்களை (அடிப்படைப் பாலிசியோடு சேர்த்த கூடுதல் பாதுகாப்புகளை) நீக்குவது. 2. காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் குறைப்பது. எதைக் கணக்குப் போட்டு அனுப்பட்டும்? 1 அல்லது 2 என்று மட்டும் அனுப்பினால் போதும்." ஓர் எண்ணைத் தட்டினால் போதும் என்னும்போது பதில் சொல்வது அவருக்கு எளிது. மருத்துவக் காப்பீடாக இருந்தால், சிகிச்சைச் செலவில் முதல் பகுதியை அவரே ஏற்கும் டிடக்டிபிள் முறையையும் விளக்கலாம், பிரீமியம் குறையும். ஆனால் எதைக் குறைத்தால் எந்தப் பாதுகாப்பு போகிறது என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். கிளைம் நேரத்தில் அவருக்கு அது முதன்முறையாகத் தெரியவரக் கூடாது. உங்கள் கமிஷனிலிருந்து தள்ளுபடி தருவதாகச் சொல்லவே வேண்டாம். பல நாடுகளில் அதற்குச் சட்டத் தடை இருக்கிறது.

வயதும் தேதியும் ஆயுள் காப்பீட்டில் உண்மையான அவசரத்தை உண்டாக்குபவை. சில நிறுவனங்கள் முடிந்த வயதைக் கணக்கில் எடுக்கின்றன. சில, அருகிலுள்ள பிறந்தநாளை எடுக்கின்றன. இரண்டாவது முறையில் 35 முடிந்து ஆறு மாதம் தாண்டினாலே 36 ஆகிவிடும். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். வயது கூடுவதால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்ற தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடுவது சிறு தொகைதான் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். "நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்?" என்று பயமுறுத்துவது ஒரு குடும்பத்திடம் பேசும் முறையல்ல.

உடல்நிலைத் தயக்கம் இருப்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். நோய் இருந்தாலும் பாலிசி கிடைக்க வாய்ப்புண்டு, பிரீமியம் கூடலாம், சில நிபந்தனைகள் வரலாம் என்று முன்கூட்டியே தெரிவியுங்கள். முதலில் சொன்ன பிரீமியம் இறுதியானதல்ல, நிறுவனம் பரிசீலித்த பிறகே உறுதியாகும் என்பதையும் சொல்லுங்கள். இடையில் புதிதாக நோய் கண்டறியப்பட்டாலோ சிகிச்சை எடுத்தாலோ விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். "அதை எழுத வேண்டாம், பார்த்துக்கலாம்" என்று ஒரு முகவர் சொல்லும் வார்த்தை, பின்னாளில் நாமினியின் கிளைம் மறுக்கப்படக் காரணமாகிவிடலாம்.

வேறிடத்தில் எடுத்துவிட்டவருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். அந்தப் பாலிசியைக் குறைசொல்ல வேண்டாம். வாகன, மருத்துவக் காப்பீடாக இருந்தால் புதுப்பிக்கும் தேதியைக் கேட்டு, 45 நாள் முன்பு பேச அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்களிடம் மாற விரும்பினாலும், புதுப் பாலிசி கைக்கு வரும்வரை பழையதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

25ஆம் நாளுக்குப் பிறகும் சத்தமில்லையென்றால் கடைசிச் செய்தி: "இனி நானாகத் தொந்தரவு செய்யமாட்டேன். தேவைப்படும்போது இந்த எண்ணில் கூப்பிடுங்கள்." அதைச் சொன்னபடி கடைப்பிடியுங்கள். "கூப்பிடாதீங்க" என்று அவரே முன்னதாகச் சொல்லியிருந்தால் அந்த நாளோடு நிறுத்திவிட வேண்டும். வேறு எண்ணிலிருந்து முயல்வதும் கூடாது. அவர் அனுப்பிய அடையாள அட்டை நகல், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை, சட்டப்படியோ நிறுவன விதிப்படியோ வைத்திருக்க வேண்டியவை தவிர, அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் நீக்கினால் போதாது. போனின் கேலரியிலும் கிளவுட் பேக்கப்பிலும் அதே படங்கள் இருக்கும். அங்கேயும் தேடி நீக்க வேண்டும்.