வழி தெரியாத படையும், தவறான வழியை நம்பும் படையும்

நில அளவையும் கருங்கல் குவாரி அளவையும் என் தொழில். கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் ராணுவத்துக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு வரைபடம் பார்க்கவும் சொல்லித் தருகிறேன். செல்போனே இடத்தைக் காட்டும்போது இதெல்லாம் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

படையை நடத்துபவர் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் மூன்று இடங்களை அறிந்திருக்க வேண்டும்: நம்மவர் நிற்கும் இடம், எதிரி இருக்கும் இடம், பீரங்கிக் குண்டு விழவே கூடாத இடம். இன்று இவை பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் உண்மையில் அளப்பது நேரத்தை. சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தொலைவு ஏறத்தாழ 300 மீட்டர் பிசகும். அந்த அளவு பிசகினால், எதிரிக்குக் குறிவைத்த குண்டு நம்மவர் மீதே விழக்கூடும்.

குவாரியின் அடியில், செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவரை ஒட்டி ஜிபிஎஸ் கருவியை நிறுத்தினால், வானத்தில் பாதி மறைந்துவிடுகிறது. பல சமிக்ஞைகள் பாறையில் பட்டுச் சுற்றி வருகின்றன. ஆனாலும் திரையில் எண்கள், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களுடன், எப்போதும்போலத் தெளிவாகவே நிற்கும். சற்றுநேரம் கழித்து அதே புள்ளியில் எடுத்தால் வேறு எண் வரும். அதனால்தான் மேலே திறந்த வெளியில் பதித்த புள்ளிகளிலிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணத்தையும் தொலைவையும் நேரடியாக அளக்கும் கருவி) சரிபார்க்காமல் நாங்கள் வரைபடத்தில் கையெழுத்திடுவதில்லை.

போர்க்களத்தில் இதை எதிரி வேண்டுமென்றே செய்வான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், தரைக்கு வரும் சமிக்ஞை மிகமிக மெல்லியது. அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பும் ஜாமர் அதை எளிதில் அமுக்கிவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம், கருவி வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிடுகிறதே! பொய்ச் சமிக்ஞையை ஊட்டும் ஸ்பூஃபிங்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கருவி அமைதியாகத் தவறான இடத்தைக் காட்ட, தலைமை அதை நம்பி ஆணையிட்டுவிடும்.

1799-இல் ராயக்கோட்டை வழியாக மைசூர் எல்லைக்குள் நுழைந்த ஆங்கிலப் படையில் வில்லியம் லாம்டன் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஓர் இரவு, ஜெனரல் பேர்டின் அணி முகாமுக்குத் திரும்புவதாக நினைத்து எதிரியை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து லாம்டன் அதைச் சொன்னார். முதலில் ஏற்காத ஜெனரல், திசைகாட்டியைப் பார்த்த பின்பே அணியைத் திருப்பினார். 1802-இல் சென்னையில் பெரும் முக்கோணவியல் அளவையைத் தொடங்கியவரும் இவரே.

பிறர் கையிலுள்ள அமைப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான், ராணுவத்துக்கெனக் குறியாக்கம் செய்த தனிச் சேவையும் கொண்ட, ஜிபிஎஸ் போல இடங்காட்டும் இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கை இஸ்ரோ உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோளில், வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதாயின. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில்தான் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் அணுக்கடிகாரம் முதன்முறையாகப் பறந்தது.

ராணுவத்துக்குப் போகிற பிள்ளைகள் இங்கேயே ஒன்றைப் பழகலாம். திறந்த வெளியில் நின்று, கிருஷ்ணகிரிக் கோட்டை மலையையும் வெவ்வேறு பக்கங்களில் தெரியும் வேறிரு குன்றுகளையும் திசைகாட்டியால் பார்த்து, அவற்றின் பின்திசைக் கோடுகளை (அங்கிருந்து உங்களை நோக்கி வரும் கோடுகளை) 1:50,000 அளவிலான சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் வரையுங்கள். மூன்று கோடுகளும் சேர்ந்து ஒரு சிறு முக்கோணத்தைத் தரும்; நீங்கள் நிற்கும் இடம் ஏறத்தாழ அதுதான். செல்போன் காட்டும் இடம் அதிலிருந்து வெகுவாகத் தள்ளியிருந்தால், யாருக்கும் அதை அனுப்புவதற்கு முன் கோடுகளையும் கருவியையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.