பாப்பர் மனு: கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு

"பாப்பர் கேஸ்" என்றதும் பிச்சை எடுப்பவர் போடும் வழக்கு என்று நினைத்து, தகுதியுள்ள பலரே கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். லத்தீனில் பாப்பர் என்றால் ஏழை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில், 1495-இல், ஏழைகள் கட்டணமின்றி வழக்காடச் சட்டம் வந்தது. அந்த வழியில்தான் நம் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளைக்குள் இந்தச் சொல் நுழைந்தது. 1976 திருத்தம் அதை நீக்கி 'வறியவர்' என்று பொருள்படும் சொல்லை வைத்தது. கோர்ட்டில் புழங்குவது இன்னும் பாப்பர்தான்.

சட்டம் கேட்பது ஒன்றே: இந்த வழக்குக்கான கட்டணத்தைக் கட்ட உங்களிடம் வசதி இருக்கிறதா? தமிழ்நாட்டில் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டால் 3% வீதம் 30,000 ரூபாய் கட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் இதற்கு எங்கே போவார்? வசதியைக் கணக்கிடும்போது வழக்குச் சொத்தைச் சேர்க்கக் கூடாது. ஜப்தி செய்ய முடியாதவற்றையும் சேர்க்கக் கூடாது: உடுதுணி, சமையல் பாத்திரம், தாலி, தொழில் கருவிகள், விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு. ஆகவே சொந்த வீடு இருப்பதாலேயே தகுதி போய்விடாது.

மனுக்கள் பெரும்பாலும் அடிபடுவது சொத்துப் பட்டியலில்தான். பேங்க் இருப்பு, நகை, பைக், கூட்டுப் பட்டாவில் உள்ள பங்கு என எல்லாவற்றையும் மதிப்போடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் குறைந்தது 10 நாள் முன்பே நோட்டீஸ் போகும். மறைத்த ஒரு சென்ட் நிலம் வில்லங்கச் சான்றில் வந்துவிட்டால், உண்மையான ஏழையின் பேச்சும் எடுபடாது. சிறிய சொத்தானாலும் காட்டிவிடுங்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் இதற்காகவே சொத்தைக் கைமாற்றினாலும் மனு தள்ளுபடியாகும். விலக்கு கிடைத்தாலொழிய மனுவை நேரில்தான் கொடுக்க வேண்டும்.

கட்டணம் கட்டாமல் வழக்காட அனுமதி கிடைத்தால் மனுவே வழக்காகப் பதிவாகும். காலவரம்புக்கு மனு கொடுத்த தேதியே கணக்கு. கட்டணம் அடியோடு தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயித்தால் கிடைக்கும் தொகையிலிருந்து அரசு முதலில் அதை எடுத்துக்கொள்ளும். தோற்றால் உங்களிடம் கேட்கும். மனு மறுக்கப்பட்டாலும் கட்டணம் கட்ட அவகாசம் கேட்கலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100.