விக்டோரியாவின் சிற்றூர்ப் பட்டறைக்கு மதிப்பீடு: நோட்டீஸில் உள்ள மூன்று எண்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஹார்ஷம், ஸ்டாவெல், கோலாக் போன்ற ஊர்களில் ஒரு வெல்டிங் பட்டறையோ சிறு கிடங்கோ வைத்திருப்பவருக்கு, ஆண்டுதோறும் கவுன்சிலிலிருந்து (உள்ளாட்சி மன்றம்) ரேட்ஸ், அதாவது உள்ளாட்சிச் சொத்து வரி, நோட்டீஸ் வரும். அதைப் பெறும் பெரும்பாலோர் கடைசியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் சட்டப்படி ஆட்சேபிக்க முடிவது அந்தத் தொகையை அல்ல. அதற்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும் மதிப்புகளைத்தான்.

1960ஆம் ஆண்டின் நில மதிப்பீட்டுச் சட்டத்தின்படி இந்த மதிப்புகள் நிர்ணயிக்கப்படுகின்றன. முன்பு கவுன்சில்களின் பொறுப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த மதிப்பீடு, 2019 முதல் மாநிலத் தலைமை மதிப்பீட்டாளரின் பொறுப்பில் ஆண்டுதோறும் நடக்கிறது. கணக்கிடும் நாள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1. அந்த நாளில் சொத்து சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதே கேள்வி. ஆகஸ்டில் நோட்டீஸ் வரும்போது சந்தை சரிந்திருந்தாலும் அது கணக்கில் வராது.

நோட்டீஸில் மூன்று மதிப்புகள் இருக்கும். முதலாவது மனை மதிப்பு, அதாவது கட்டடம் இல்லாமல் நிலத்துக்கு மட்டும் உள்ள விலை. இரண்டாவது மூலதன மதிப்பு, நிலமும் ஷெட்டும் சேர்ந்த விலை. மூன்றாவது நிகர ஆண்டு மதிப்பு. தொழிற்சாலைச் சொத்துக்கு இது மதிப்பிட்ட ஆண்டு வாடகை அல்லது மூலதன மதிப்பில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. பெரும்பாலான கவுன்சில்கள் மூலதன மதிப்பை வைத்தே ரேட்ஸ் போடுகின்றன. மாநில அரசின் நில வரியோ மனை மதிப்பை வைத்துப் போடப்படுகிறது. ஆகவே எந்த பில் உங்களை வருத்துகிறது என்று தெரியாமல் ஆட்சேபனை எழுதுவது வீண் உழைப்பு.

நில வரியின் தொடக்க வரம்பு 2024 ஜனவரி முதல் 3,00,000 டாலரிலிருந்து 50,000 டாலராகக் குறைக்கப்பட்டது. அதனால் அதுவரை நில வரி என்றால் என்னவென்றே தெரியாதிருந்த சிற்றூர் ஷெட் உரிமையாளர்களுக்கும் பில் வரத் தொடங்கியது. வேறு வரிக்குரிய நிலம் இல்லாத ஒருவரின் மனை மதிப்பு 1,40,000 டாலர் என்று கொண்டால், ஆண்டு வரி 975 டாலர். 1,00,000 டாலரிலிருந்து 3,00,000 டாலருக்குள் எங்கிருந்தாலும் தொகை அதேதான். எனவே 1,40,000 என்பதை 1,20,000 ஆகக் குறைத்து வாங்கினாலும் நில வரியில் ஒரு டாலரும் மிஞ்சாது. 1,00,000 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் 500 டாலராகும்.

மதிப்பு உயர்ந்தால் ரேட்ஸும் அதே அளவு உயரும் என்ற அச்சம் முழுக்கச் சரியல்ல. கவுன்சிலின் மொத்த ரேட்ஸ் வருவாய் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு மாநில அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025–26க்கு அது 3 சதவீதம். ஊரிலுள்ள மற்ற சொத்துகளை விட உங்களுடையது வேகமாக ஏறியிருந்தால்தான் உங்கள் பங்கு கூடும்.

சிற்றூர்களில் உண்மையான சிக்கல் ஒப்பிடப் போதிய விற்பனைகள் இல்லாததே. ஓராண்டில் இரண்டு மூன்று ஷெட்டுகள்தான் கைமாறும் என்றால், மதிப்பீட்டாளர் பக்கத்து ஊர் விற்பனைகளையும் எடுத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கேதான் உரிமையாளருக்குத் தெரிந்தது பயன்படும்: லாரி திரும்ப இடமில்லாத வாசல், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தாழ்ந்த உயரம், எண்ணெய் ஊறிய மண், உண்மையில் வாங்கும் வாடகை. பரப்பளவு தவறாகப் பதிவாகியிருந்தாலும், சொத்து எதற்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் பயன்பாட்டுக் குறியீடு தவறாக இருந்தாலும் அவையும் ஆட்சேபனைக்கு ஏற்கப்படும் காரணங்களே. குறியீட்டைக் கட்டாயம் பாருங்கள். 2025 ஜூலையில் வந்த அவசர சேவை நிதிக்கான கட்டணம் தொழிற்சாலைச் சொத்துக்கு வீட்டைவிடப் பல மடங்கு விகிதத்தில் விதிக்கப்படுகிறது.

நோட்டீஸ் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். ‘ரேட்ஸ் அதிகம்’ என்று மட்டும் எழுதினால் தள்ளுபடியாகும். எந்த மதிப்பு, எவ்வளவாக இருக்க வேண்டும், ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். முடிவில் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் மாநிலத்தின் நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆட்சேபனை நிலுவையில் இருந்தாலும் ரேட்ஸைத் தவணை தவறாமல் கட்ட வேண்டும். மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியது சரிசெய்யப்படும், கட்டாமல் விட்டால் வட்டி ஏறும்.